பலகையோடு பலகை சேரும் இடம்

தூத்துக்குடியில் தோணி கட்டும் கொட்டகை ஒன்றில் ஒரு காலைப்பொழுது முழுக்க நின்றிருக்கிறேன். படகுத் தச்சரான ஓடாவி ஒருவர் ஒரே பலகையை ஏழு முறை தூக்கி வைத்து ஏழு முறை இறக்கினார். படகின் அடிமரமான ஏராவுக்கு மேலே மூன்றாவது வரிசை அது. கீழ்ப்பலகையின் விளிம்பில் கரியைத் தேய்த்துவிட்டு, புதுப் பலகையை அதன் மேல் அழுத்துவார். எடுத்துத் திருப்பினால் எங்கெங்கே மேடோ அங்கெல்லாம் கரி ஒட்டியிருக்கும். அந்த இடத்தில் மட்டும் இழைப்புளியால் இரண்டு இழுப்பு. மறுபடி வைப்பார். ஏழாவது முறை விளிம்பு நெடுகக் கரி ஒரே சீராக அப்பியிருந்தது. அதற்குப் பிறகுதான் ஆணியைக் கையில் எடுத்தார்.

படகின் பக்கவாட்டில் பலகைகள் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்துவிட்டு, நேரான பலகையை வளைத்து அடித்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். செய்து பார்த்தால் தெரியும். நடுவில் படிந்து நிற்கும் பலகை, முன்முனையான அணியத்தை நெருங்க நெருங்கக் கீழ்ப்பலகையை விட்டு விலகி மேலே ஏறிக்கொண்டு போகும். இடையில் கை நுழையும் அளவுக்குச் சந்து விழும். வளைந்த உடம்பைப் போர்த்துகிற பலகையைக் கழற்றித் தரையில் விரித்தால் பெரும்பாலும் வாழைப்பழம்போல வளைந்துதான் கிடக்கும். தையற்காரர் சட்டைக் கைக்குத் துணி வெட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மேசையில் கிடக்கும்போது மேல்விளிம்பு குன்றுபோல எழும்பியிருக்கும். தோளில் ஏறியதும் தையல் வட்டமாக உட்கார்ந்துவிடும்.

அந்த வளைவைக் கண்ணால் மட்டும் எடுத்துவிட முடியாது. மெல்லிய ரீப்பர் ஒன்றைப் பலகை வரவேண்டிய இடத்தில் வலுக்கட்டாயமில்லாமல் படியவிட்டு, சாண் சாணாக அதற்கும் கீழ்விளிம்புக்கும் உள்ள இடைவெளியைக் கவராயத்தால் அளப்பார்கள். ரீப்பரை மரத்தின் மேல் விரித்து அதே இடைவெளிகளைக் குறித்து, புள்ளிகளைச் சேர்த்தால் வெட்டுக்கோடு கிடைக்கும். அகலத்திலும் கவனம் வேண்டும். வயிற்றுப் பகுதியில் சுற்றளவு அதிகம், முனையில் குறைவு. பலகை வரிசைகளோ இரண்டு இடத்திலும் ஏறக்குறைய அத்தனையேதான். ஆகவே ஒவ்வொரு பலகையும் நடுவில் அகன்று முனையில் ஒடுங்க வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை, கைத்திறன் முழுக்க வெளிப்படும் இடம் விளிம்பின் சாய்வு. கலத்தின் வயிறு திரும்பும் இடத்தில் இரண்டு பலகைகள் ஒன்றையொன்று சாய்வாகச் சந்திக்கின்றன. பக்கச்சுவர் நிமிரும் இடத்தில் சாய்வு குறைகிறது. ஆக, ஒரே பலகையின் விளிம்பு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் பல கோணங்களில் திரும்புகிறது. ஆணி அடிக்கும் படகில் ஒரு சலுகை உண்டு. உள்பக்கம் இறுக்கமாகவும் வெளிப்பக்கம் மயிரிழை திறந்தும் விட்டு, அந்தத் திறப்பில் பஞ்சைத் திணித்துக் கலப்பற்று பார்த்துவிடலாம். பலகைகளைக் கயிற்றால் தைத்த கலத்தில் அந்தச் சலுகை கிடையாது. உளியை வைத்துப் பஞ்சைத் திணித்தால் பலகைகள் விலகும், கயிறு அறுபடும். விளிம்பு முழு முகமும் முதலிலேயே ஒட்டிப் படிய வேண்டும்.

அப்படிப்பட்ட ஒரு கலத்தை அண்மையில் நம் நாட்டில் கட்டிக் காட்டினார்கள். அஜந்தா ஓவியத்தில் உள்ள 5ஆம் நூற்றாண்டுக் கப்பலை முன்மாதிரியாகக் கொண்டது ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா. 2023இல் கோவாவில் ஏரா வைத்தார்கள். பாபு சங்கரன் தலைமையில் கேரளத் தச்சர்கள் வேலை செய்தார்கள். பழைய வரைபடம் எதுவும் கிடையாது. சுவரோவியத்திலிருந்து வடிவத்தை ஊகித்து, சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையில் மாதிரியைச் சோதித்துப் பார்த்தார்கள். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். இணைப்புகளைத் தேங்காய் நாரும் இயற்கைப் பிசினும் அடைத்தன. 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்த்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று போர்பந்தரிலிருந்து பாய் விரித்த கப்பல், 2026 ஜனவரியில் மஸ்கட் சேர்ந்தது.

தைப்பதற்கு முன் பலகையை வளைக்க வேண்டும். தடித்த பலகை அப்படியே வளையாது, விரிசல் விடும். நீராவியில் வேகவைத்தால் மரநாரைப் பிடித்திருக்கும் பசை இளகிக் கொடுக்கும். பல படகுத்துறைகளில் நெருப்பில் வாட்டி, மறுபக்கம் தண்ணீர் தெளித்தே காரியத்தை முடித்துவிடுவார்கள். சூடு ஆறுவதற்குள் இடத்தில் பொருத்தி இறுக்கிவிட வேண்டும். சில நிமிடம்தான் கெடு. அந்த நேரத்தில் கொட்டகையில் யாரும் பேசுவதில்லை.

நம் கரைக்குக் கயிற்றால் தைத்த படகு புதிதில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன், கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். மாமரப் பலகைகள், உள்ளே வங்குக்கால் என்னும் சட்டம் கிடையாது, ஆணி கிடையாது, கயிற்றுத் தையல் மட்டும். வைக்கோல் போன்ற பொருளை இணைப்பின் மேல் வைத்து அதன்மேல் தைப்பார்கள். ஐரோப்பியர் கொண்டுவந்த விறைப்பான படகுகள் கரையலையில் மணலில் மோதி உடைந்தபோது, இது அடியை வாங்கிக்கொண்டு நெளிந்து கொடுத்தது. அந்தத் தையல் தெரிந்த கைகளை இன்று நம் கரையில் தேடித்தான் பார்க்க வேண்டும். எனக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. ஓடாவிகளின் அளவுகள் ஏட்டில் இல்லை. ஒருவர் பிடித்துக் காட்ட இன்னொருவர் பிடித்துப் பழகினால்தான் கைமாறும்.

தூத்துக்குடியில் பார்த்த அந்தத் தோணி கடலில் இறங்கிய அன்றும் போயிருந்தேன். முதல் நாள் தண்ணீர் உள்ளே கசிந்தது. எனக்குத்தான் பதற்றம். ஓடாவி உள்ளே குந்தி, இணைப்புகளில் கட்டைவிரலை வைத்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். இரண்டு பையன்கள் வாளியால் இறைத்தார்கள். “மரம் குடிக்கட்டும் தம்பி” என்றார். காய்ந்த பலகை தண்ணீரைக் குடித்து ஊதும், ஊதினால் விளிம்புகள் தாமே நெருக்கிக்கொள்ளும். இரவெல்லாம் இறைத்தார்கள். மறுநாள் காலை நான் போனபோது வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மூன்றாவது வரிசையில், கரி தேய்த்த இடத்தில், நகம் நுழையச் சந்து இல்லை.