தக்கை அசையாத பகல்

கோயமுத்தூர்க்காரர் கடலைப் பார்க்க ஆசைப்பட்டால் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் பொன்னானி வரை போக வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல். ராமேசுவரம் இன்னும் வெகுதூரம். அப்படியிருந்தும் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் தூண்டிலும் கட்டுச்சோறுமாகக் கிளம்பும் சிநேகிதக் கூட்டங்களுக்குக் கொங்கு நாட்டில் குறைவில்லை. நொய்யல் நிரப்பும் குளங்களும், பவானிசாகர், ஆழியாறு போன்ற அணைகளும்தான் அவர்களுக்குக் கடல்.

வெள்ளியங்கிரி மலையில் தென்மேற்குப் பருவமழை வலுத்ததும் நொய்யல் பெருகும். சித்திரைச்சாவடி அணைக்கட்டு தொடங்கி, ஆற்றின் குறுக்கே ஆங்காங்கே தடுக்கப்படும் தண்ணீர் வாய்க்கால் வழியாகக் குளங்களுக்குள் இறங்கும். புதுத்தண்ணீர் தெளிந்து அடங்கும் ஆவணி, புரட்டாசியில் கரையெங்கும் தூண்டில்காரர்களைப் பார்க்கலாம்.

புழுவும் மாவு உருண்டையும்

அப்படியொரு ஆவணி ஞாயிறு, பேரூருக்கு மேற்கே ஒரு குளத்தில் குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். பம்ப் பட்டறை நடத்துபவர், நூல் மில் சூப்பர்வைசர், தென்னந்தோப்பு விவசாயி, நான். மூங்கில் கழி, தங்கூசி நரம்பு, தக்கை, சிறு ஈயம், முள். இரைக்கு மண்புழுவும், கடலைப் புண்ணாக்கு சேர்த்துப் பிசைந்த மைதா மாவும்.

வெயில் ஏறும்வரை ஒரு தக்கைகூட அசையவில்லை. பக்கத்தில் பொழுதுக்கும் உட்கார்ந்து பழகிய பெரியவர் ஒருவர் எங்கள் அவசரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கம்முனு உக்காருங்க சாமி. தண்ணிக்குள்ள இருக்கறதுக்கும் பசிக்கோணுமில்ல?”

பிறகு பட்டறைக்காரரின் தூண்டிலை வாங்கி, தக்கையை நரம்பில் இரண்டு சாண் மேலே நகர்த்தினார். முள் அடிமண்ணைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டுமாம். அந்தச் சின்ன வேலைக்குப் பின்னால் பெரிய கணக்கு இருக்கிறது. கட்லா நீரின் மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். கங்கைப் பக்கத்து மீன்களான இந்த மூன்றையும் ஒரே குளத்தில் சேர்த்து வளர்ப்பதே, ஒன்றின் இரைக்கு இன்னொன்று போட்டிக்கு வராது என்பதால்தான். எந்த ஆழத்தில் இரை தொங்குகிறதோ, அந்த ஆழத்து மீன்தான் வரும்.

தக்கையைப் படிக்கவும் அவரே சொல்லிக் கொடுத்தார். நடுங்கிக்கொண்டே இருந்தால் ஜிலேபி கொத்துகிறது. பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனால் கெண்டை. ஒரே முழுக்காக முங்கினால் விரால். ஜிலேபியில் தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். அந்த நாட்களில் இரையைச் சீந்தாது. செம்மஞ்சள் குஞ்சுக் கூட்டம் நீர்மேல் வந்து போனால், அதன் கீழே காவலுக்குத் தாய் தகப்பன் விரால் நிற்கிறது என்று பொருள். அந்தப் பக்கம் முள்ளைப் போடவே கூடாது என்றார்.

உச்சிவெயிலில் மீன்கள் ஆழத்துக்குப் போய்விட்டன. கணவாய்க் காற்று அலையைக் கிளப்பியதில் தக்கை இருக்கும் இடமே தெரியவில்லை. வேப்பமரத்தடியில் புளிச்சோற்றைப் பிரித்தோம். ஷிப்ட் கணக்கிலேயே வாரம் கழியும் மில் நண்பர், தன் அப்பா இதே கரையில் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அயிரை பிடித்ததை அன்றுதான் எங்களிடம் சொன்னார். ஒரே தெருவில் இத்தனை வருடம் இருந்தும் பேசாத பேச்செல்லாம் அந்தப் பகலில் வந்தது. மீன் கடித்துக்கொண்டே இருந்திருந்தால் அவற்றுக்கு நேரமேது?

பொழுது சாயும்போது கையளவு ஜிலேபி சில கிடைத்தன. ஒரு குட்டிக் கெண்டையைத் தண்ணீரிலேயே விட்டோம்.

காத்திருப்பவரின் கண்

இப்படி மெல்ல நகரும் பகலில் குளத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். நீர்நிலைகளுக்கு அந்தப் பார்வை மிகத் தேவை. சாக்கடை கலந்தால் பாசி பெருகும். இரவெல்லாம் அது பிராணவாயுவை உறிஞ்சிக்கொள்ளும். விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். காரில் போகிறவருக்கு அது தெரியாது. விடியும்முன் கரைக்கு வரும் தூண்டில்காரர்தான் முதலில் பார்க்கிறார்.

இதற்குக் காவிரிப் படுகையே சாட்சி. 1946இல் கபினி ஆற்றில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் தூண்டிலில் பிடித்த மஹ்சீர் மீன் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடை. அந்தக் கூன்முதுகு மஹ்சீர் காவிரியில் அருகி வருவதை விஞ்ஞானிகள் உறுதி செய்ததற்கு முக்கிய ஆதாரம், கர்நாடகத்தின் காலிபோர் தூண்டில் முகாமில், பிடித்த மீனை அளந்து எழுதிவிட்டு ஆற்றிலேயே விட்டவர்கள் வைத்திருந்த பதிவேடு. வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் பெருகப் பெருக இந்த மண்ணின் மீன் குறைந்ததை அந்தப் பதிவுகள் காட்டின. 2018இல் அதன் அறிவியல் பெயர் உறுதியானது. அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் உள்ள இனமாகவும் அறிவிக்கப்பட்டது. அந்த மீன் இன்னும் வாழும் ஆறுகளில் ஒன்று, பவானிசாகரில் வந்து சேரும் நம் மாயாறு.

பொழுதுபோக்குக்காகக் காத்திருந்தவர்களின் நோட்டுப் புத்தகம் ஓர் இனத்துக்காகப் பேசியிருக்கிறது. நம் குளங்களுக்கும் அப்படிப் பேச ஆள் வேண்டும்.

உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம் ஆகியவற்றின் கரைகள் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நடைபாதையும் விளக்குமாக மாறியுள்ளன. குடும்பங்கள் மாலையில் குளக்கரைக்கு வருவது நல்ல மாற்றம். அத்தோடு, ஒவ்வொரு குளத்திலும் தூண்டில்காரர்கள் இறங்கி உட்காரச் சில படிகளை ஒதுக்கலாம். குத்தகை எடுத்தவருக்குப் பாதகமில்லாமல் நாள்கட்டணம் வைக்கலாம். சிறு மீனைத் திருப்பி விட வேண்டும்; அறுந்த நரம்பு நீர்க்காகத்தின் காலில் சிக்கும், அதைக் கரையில் விடக்கூடாது என்று இரண்டே விதிகள் எழுதி வைத்தால் போதும். கூடவே ஒரு நோட்டு: இன்று என்ன மீன், தண்ணீர் என்ன நிறம், நாற்றம் உண்டா, செத்து மிதந்தது எது? மாநகராட்சி மாதம் ஒருமுறை அதைப் புரட்டிப் பார்க்கட்டும். சாக்கடை எந்த வாய்க்காலில் கலக்கிறது என்பதைத் தேடிப்போக அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.