நல்ல தண்ணீர் யாருக்கு? சென்னையின் கடினநீரும் சமத்துவத்தின் கேள்வியும்

சென்னை மக்களின் பேச்சில் தண்ணீருக்கு இரண்டு பெயர்கள் உண்டு: நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர். முதலாவது குடிக்கவும் சமைக்கவும். இரண்டாவது குளிக்கவும் துவைக்கவும் பாத்திரம் கழுவவும். பழகிப்போனதால் இப்பிரிவினை இயற்கையின் நியதிபோல் தோன்றுகிறது. ஆனால் எந்தப் பகுதியின் குழாயில் எந்தத் தண்ணீர் வருகிறது என்பதை நிலத்தடி மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்த ஏரியின் நீர் யாருக்குக் கொண்டுசெல்லப்பட வேண்டும் என்று எடுக்கப்படும் முடிவுகளும் தீர்மானிக்கின்றன. அம்முடிவுகள் சட்டத்தின்முன் கேள்விக்கு உட்பட்டவை.

கடினத்தன்மை என்றால் என்ன?

மண்ணிலும் பாறையிலும் ஊடுருவிச் செல்லும் நீர், கால்சியம், மெக்னீசியம் ஆகிய தாது உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. அவற்றின் அளவே கடினத்தன்மை. உவர்ப்பு என்பது வேறு. அது பெரும்பாலும் சோடியம், குளோரைடு ஆகியவற்றால் வருவது. கடற்கரையை ஒட்டிய ஆழ்துளைக் கிணறுகளில் இரண்டும் சேர்ந்தே இருப்பதால், மக்கள் இரண்டையும் 'உப்புத் தண்ணீர்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறார்கள்.

பைகார்பனேட் வடிவில் உள்ள கடினத்தன்மை, கொதிக்கவைத்தால் வெண்படிவமாகப் பிரிந்துவிடும். சல்பேட், குளோரைடு வடிவில் உள்ளது கொதிக்கவைத்தாலும் நீங்காது. எனவே 'காய்ச்சிப் பயன்படுத்துங்கள்' என்ற அறிவுரை கிருமிகளுக்குப் பொருந்தும். கடினநீருக்கு முழுத் தீர்வாகாது.

குடும்பம் செலுத்தும் மறைமுக வரி

கடினநீரில் உள்ள கால்சியம் முழுவதையும் தீர்த்த பின்னரே சோப்பு நுரைக்கத் தொடங்குகிறது. வேதியியல் கணக்கின்படி ஒரு கிராம் கடினத்தன்மை ஏறத்தாழ ஆறு கிராம் சோப்பை வீணாக்கும். லிட்டருக்கு 600 மில்லிகிராம் கடினத்தன்மை கொண்ட நீர் 10 லிட்டர் வாளியில் இருந்தால், அதை நுரைக்கவைப்பதற்கு முன்பே சுமார் 36 கிராம் சோப்பு திரிந்து அழுக்குப் படலமாகிவிடும். 200 மில்லிகிராம் என்றால் 12 கிராம் போதும். தினக்கூலியில் வாழும் குடும்பத்திற்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

சோப்போடு இழப்பு முடிவதில்லை. கால்சியம் பருப்பின் தோலை இறுக்குவதால் பருப்பு வேக நேரமாகிறது. எரிவாயு கூடுதலாகச் செலவாகிறது. பாத்திரங்களில் வெண்படிவம் ஏறுகிறது, குழாய்கள் அடைபடுகின்றன, துணி விறைத்து விரைவில் நைகிறது. குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்க வேண்டும். இல்லையேல் கேன் தண்ணீர் வாங்க வேண்டும். வசதியுள்ளோர் ஆர்.ஓ. கருவி வைத்துக்கொள்கிறார்கள், வீடுகளில் உள்ள சாதாரணக் கருவிகள் உள்ளே செல்லும் நீரில் பாதிக்கும் மேற்பட்டதைக் கழிவாக வெளியேற்றுகின்றன. இந்தச் சுமை முழுவதும் பெண்களின் நேரத்திலும் உடலிலும் இறங்குகிறது. காலையில் பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்கிவிட்டுத் திரும்பும் பெண், தன் வீட்டில் நுரைக்காத நீரோடு மறுபடி போராடுகிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கடினநீர் சிறுநீரகக் கல்லை உண்டாக்கும் என்ற பரவலான நம்பிக்கையின்மேல் நாம் வழக்கைக் கட்டக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையிலான வரம்பு எதையும் வகுக்கவில்லை. நமது வாதம் செலவு, உழைப்பு, பாகுபாடு ஆகியவற்றின்மேல் நிற்க வேண்டும். ஃப்ளூரைடு, நைட்ரேட், கிருமிகள் போன்ற உண்மையான ஆபத்துகளைத் தனியே பரிசோதித்து, தனியே எழுப்ப வேண்டும்.

ஒரு சிறு சொற்றொடரின் பெரிய பொருள்

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500. அதன்படி மொத்தக் கடினத்தன்மையின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். 600 வரை அனுமதிக்கலாம். ஆனால் 'மாற்று நீராதாரம் இல்லாத நிலையில்' மட்டுமே. அதிகாரிகள் 600 என்ற எண்ணை மட்டும் மேற்கோள் காட்டி, 'வரம்புக்குள்தான் இருக்கிறது' என்று பதில் தருவது வழக்கம். நிபந்தனையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் படிப்பது தவறான வாசிப்பு.

பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளும், 2004 முதல் வீராணமும் சென்னைக்கு நீர் தருகின்றன. தென் கடற்கரையில் உள்ள நெம்மேலியில் 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனும், 2024இல் மேலும் 15 கோடி லிட்டர் திறனும் கொண்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் திறக்கப்பட்டன. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்து அகற்றப்பட்டு, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் குடியமர்த்தப்பட்டவர்களில் தலித் குடும்பங்கள் பெரும் எண்ணிக்கையில் உள்ளன. அந்நிலத்தை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அரசு தேர்ந்தெடுத்தது. நகருக்கு மாற்று நீராதாரம் இருக்கும்போது, மறுகுடியமர்வுக் குடியிருப்பின் குழாயில் ஆழ்துளைக் கிணற்று நீர் வருமாயின், 'மாற்று இல்லை' என்று எப்படிச் சொல்ல முடியும்?

'அது குடிப்பதற்கல்ல, பிற உபயோகத்திற்கு' என்பது அடுத்த பதிலாக வரும். கழிவுநீர் வடிகால் உள்ள நகரங்களுக்கு நடுவண் அரசின் வழிகாட்டுக் கையேடு நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று பரிந்துரைப்பது, குளியலையும் துவைத்தலையும் உள்ளடக்கிய அளவாகும். நல்ல தண்ணீரைக் குடக்கணக்கில் அளந்து தருவது அப்பரிந்துரையை நிறைவேற்றுவதாகாது.

சட்டம் எதுவரை உதவும்?

ஐ.எஸ். 10500 குழாய்நீர் வழங்கும் அரசு அமைப்புகளைக் கட்டாயமாகப் பிணைக்கும் சட்டமன்று. ஆயினும், சுபாஷ் குமார் எதிர் பீகார் மாநிலம் (1991) தீர்ப்பில், மாசற்ற நீர் உறுப்பு 21 தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரே நகரில் ஒரு பகுதிக்கு ஏரிநீரும் மறுபகுதிக்கு ஆழ்துளை நீரும் வழங்குவதற்குத் தக்க காரணம் காட்டப்படாவிட்டால், உறுப்பு 14இன் சமத்துவக் கேள்வியும் எழுகிறது. நீராதாரத்தைக் கெடுப்பதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. ஆனால் அது கெடுக்கும் செயலைப் பற்றியது. தரமற்ற விநியோகத்தை அதற்குள் கொண்டுவருவது கடினம். இங்கே பொருத்தமான வழி, உறுப்பு 226இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் தொடுக்கும் நீதிப்பேராணை மனுவே.

மனுவுக்கு முன் சான்று வேண்டும். தகவல் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் மூன்று தகவல்களைக் கேட்கலாம்: நமது குடியிருப்புக்கான நீராதாரம் எது, கடந்த ஓராண்டின் பரிசோதனை முடிவுகள் என்ன, அதே பகுதி அலுவலகத்தின் கீழ் உள்ள பிற குடியிருப்புகளுக்கு எந்த நீர் எவ்வளவு செல்கிறது. 30 நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். அச்சட்டத்தின் பிரிவு 2(j)ஐப் பார்க்கலாம். 'தகவல் உரிமை' என்பதன் வரையறையிலேயே, பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரிகளைப் பெறும் உரிமையும் அடங்கியுள்ளது என்பதைக் கல்லூரி மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே நாளில் இரு பகுதிகளின் குழாய்களிலிருந்து எடுத்த மாதிரிகளின் முடிவுகளை அருகருகே வைத்தால், பாகுபாடு எண்களில் தெரியும்.

1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் சவுதார் குளத்து நீரை அள்ளியது தாகத்தைத் தீர்க்க மட்டுமன்று; எல்லோருக்கும் உரிய நீர் தமக்கும் உரியது என்று நிறுவுவதற்காக. இன்று நமக்குக் குழாய் மறுக்கப்படவில்லை. குழாயில் எந்தத் தண்ணீர் வருகிறது என்பதே கேள்வி. அதைக் கேட்க ஒரு விண்ணப்பமும் ஒரு பாட்டில் தண்ணீரும் போதும்.