மெலனோமாவுக்கான கூட்டு நோயெதிர்ப்புச் சிகிச்சை

கூட்டு நோயெதிர்ப்புச் சிகிச்சை என்பது, உடலின் நோயெதிர்ப்பு அமைப்பையே புற்றுநோய்க்கு எதிராகச் செயற்படச் செய்யும் இரண்டு மருந்துகளைச் சேர்த்து அளிக்கும் மருத்துவ முறை ஆகும். முற்றிய நிலையில் உள்ள மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கு இம்முறை பயன்படுகிறது. இபிலிமுமாப், நிவோலுமாப் ஆகியவற்றின் கூட்டே இவற்றுள் நீண்ட காலம் ஆராயப்பட்டதாகும். இக்கூட்டு தனி மருந்தைவிடக் கூடுதலான நோயாளிகளுக்குப் பயன் தருகிறது. கடுமையான பக்க விளைவுகளையும் கூடுதலாக உண்டாக்குகிறது. இவ்விரண்டுக்கும் அடிப்படைக் காரணம் ஒன்றே.

மெலனோமா

மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் உயிரணுக்கள் மெலனோசைட்டுகள் எனப்படுகின்றன. இவற்றில் தோன்றும் புற்றுநோய் மெலனோமா ஆகும். தோல் புற்றுநோய்களில் இது எண்ணிக்கையில் குறைவானது எனினும், விரைவாகப் பரவும் இயல்புடையது. தொடக்க நிலையில் அறுவைச் சிகிச்சையால் இதனைக் குணப்படுத்த இயலும். நுரையீரல், கல்லீரல், மூளை போன்ற உறுப்புகளுக்குப் பரவிய பின் அறுவை மட்டும் போதாது. டகார்பசின் என்னும் வேதிமருந்தே பல ஆண்டுகள் வழக்கமான சிகிச்சையாக இருந்தது. அக்காலத்தில் நோய் பரவியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஓராண்டுக்குள் இறந்தனர்.

செயற்படும் முறை

வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி-உயிரணுக்கள், நோயுற்ற உயிரணுக்களை அடையாளம் கண்டு அழிக்கின்றன. இவை அளவு மீறிச் செயற்பட்டால் உடலின் நல்ல திசுக்களும் அழியும். அதனைத் தடுக்க, வண்டியின் பிரேக்கைப் போன்ற சில புரதங்கள் அவற்றின் மேற்பரப்பில் உள்ளன. சி.டி.எல்.ஏ-4, பி.டி-1 ஆகியன அத்தகைய இரண்டு புரதங்கள்.

சி.டி.எல்.ஏ-4 பெரும்பாலும் நிணநீர்க் கணுக்களில், டி-உயிரணுக்கள் முதன்முதலில் தூண்டப்படும் வேளையில் அவற்றைக் கட்டுப்படுத்துகிறது. பி.டி-1 பெரும்பாலும் பின்னர், கட்டி உள்ள இடத்தில் செயற்படுகிறது. புற்றுநோய் உயிரணுக்கள் பல, பி.டி-1 உடன் பிணையும் புரதத்தைத் தாமே உண்டாக்கி டி-உயிரணுக்களின் தாக்குதலை நிறுத்திவிடுகின்றன.

இபிலிமுமாப் சி.டி.எல்.ஏ-4 ஐயும், நிவோலுமாப் பி.டி-1 ஐயும் தடுக்கும் பிறபொருளெதிரிகள் ஆகும். இரண்டு கட்டுப்பாடுகளும் வெவ்வேறு இடங்களில் செயற்படுவதால், இரண்டையும் ஒருங்கே நீக்கும்போது விளைவு வலுவாகிறது.

வரலாறு

1992 இல் சப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் தசுக்கு ஓஞ்சோ குழுவினர் பி.டி-1 ஐக் கண்டறிந்தனர். சி.டி.எல்.ஏ-4 ஐத் தடுத்தால் எலிகளில் கட்டிகள் அழிவதை 1996 இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசன் குழுவினர் வெளியிட்டனர். அமெரிக்காவில் இபிலிமுமாப் 2011 இலும், நிவோலுமாப் 2014 இலும், இரண்டின் கூட்டு 2015 இலும் மெலனோமாவுக்கு ஒப்புதல் பெற்றன. 2018 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அலிசன், ஓஞ்சோ இருவருக்கும் வழங்கப்பட்டது.

ஆய்வு முடிவுகள்

இக்கூட்டை ஆராய்ந்த முதன்மையான மருத்துவச் சோதனை செக்மேட் 067 ஆகும். இதில் 945 நோயாளிகள் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். உயிருடன் இருந்தோரின் விகிதம் வருமாறு:

- இரு மருந்துகளின் கூட்டு: 5 ஆண்டுகளில் 52%, 10 ஆண்டுகளில் 43%
- நிவோலுமாப் மட்டும்: 5 ஆண்டுகளில் 44%, 10 ஆண்டுகளில் 37%
- இபிலிமுமாப் மட்டும்: 5 ஆண்டுகளில் 26%, 10 ஆண்டுகளில் 19%

பத்தாண்டு முடிவுகள் 2024 இல் வெளியாயின. கூட்டு மருந்தையும் தனி நிவோலுமாப்பையும் நேரடியாக ஒப்பிடுவதற்கென இச்சோதனை வடிவமைக்கப்படவில்லை என்பதும் கருத்தில் கொள்ளத்தக்கது.

பக்க விளைவுகள்

கட்டுப்பாடு நீங்கிய டி-உயிரணுக்கள் நல்ல உறுப்புகளையும் தாக்கக்கூடும். தோல் தடிப்பு, கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பெருங்குடல் அழற்சி, கல்லீரல் அழற்சி, நுரையீரல் அழற்சி, தைராய்டு மற்றும் பிட்யூட்டரி சுரப்பிக் குறைபாடுகள் ஆகியன முக்கியமானவை. அரிதாகத் தோன்றும் இதயத்தசை அழற்சி உயிருக்கு ஆபத்தானது. மேற்கூறிய சோதனையின் ஐந்தாண்டு அறிக்கையின்படி, சிகிச்சையால் கடுமையான பக்க விளைவுகள் கூட்டு மருந்து பெற்றோரில் 59% பேருக்கும், நிவோலுமாப் மட்டும் பெற்றோரில் 23% பேருக்கும் ஏற்பட்டன.

இவற்றுள் பெரும்பாலானவை, மருந்தை நிறுத்தி ஸ்டீராய்டு அளிப்பதால் கட்டுக்குள் வருகின்றன. சுரப்பிக் குறைபாடுகள் நிலைத்துவிடுவதுண்டு. அத்தகையோர் தொடர்ந்து இயக்குநீர் மாத்திரை உட்கொள்ள வேண்டியிருக்கும். பக்க விளைவால் சிகிச்சையை இடையில் நிறுத்தியவர்கள் பலரிடமும் பயன் நீடித்தமை குறிப்பிடத்தக்கது.

சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தல்

கூட்டு மருந்து எல்லோருக்கும் ஏற்றதன்று. நோய் பரவிய அளவு, மூளையில் கட்டி உள்ளமை, உடல்நிலை ஆகியன ஆராயப்படுகின்றன. ஏற்கனவே தன்னெதிர்ப்பு நோய் உடையோருக்கும் மாற்றுறுப்பு பொருத்தப்பட்டோருக்கும் இடர் அதிகம். மெலனோமாக்களில் ஏறத்தாழ பாதியில் பிராஃப் என்னும் மரபணுவில் திடீர்மாற்றம் காணப்படுகிறது. அவர்களுக்கு அம்மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரைகளும் உள்ளன. எனினும், கூட்டு நோயெதிர்ப்புச் சிகிச்சையை முதலில் அளித்தோரே நீண்ட காலம் வாழ்ந்ததை டிரீம்செக் சோதனை காட்டியது.

ஆசிய, ஆப்பிரிக்க மக்களின் மெலனோமாக்களில் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகிய இடங்களில் தோன்றும் வகையின் பங்கு அதிகம். இவ்வகை நோயெதிர்ப்புச் சிகிச்சைக்குக் குறைவாகவே கட்டுப்படுகிறது. ஆகவே இவ்விடங்களில் மாறிவரும் கரும்புள்ளிகளைத் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் காட்டுவது இன்றியமையாதது.

பிற கூட்டுகள்

எல்.ஏ.ஜி-3 என்னும் மற்றொரு கட்டுப்பாட்டுப் புரதத்தைத் தடுக்கும் ரெலட்லிமாப், நிவோலுமாப்புடன் சேர்த்து அளிக்க 2022 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 714 பேர் பங்கேற்ற சோதனையில், நோய் மேலும் முற்றாதிருந்த இடைநிலைக் காலம் இக்கூட்டால் 10.1 மாதங்களாகவும், தனி நிவோலுமாப்பால் 4.6 மாதங்களாகவும் இருந்தது. கடுமையான பக்க விளைவுகள் கூட்டு பெற்றோரில் ஏறத்தாழ 19% பேருக்கு ஏற்பட்டன.