விதை வெங்காயத்துக்கு வேண்டிய வெப்பமும் ஈரப்பதனும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் சின்ன வெங்காயஞ் செய்யுங் கமக்காரருக்கு விதையே பெருஞ் செலவாகும். ஒரு ஹெக்டேயருக்கு ஆயிரம் கிலோகிராமுக்கு மேற்பட்ட விதைக் குமிழ்கள் வேண்டும். ஆடி, ஆவணி மாதங்களிற் கிண்டிய வெங்காயத்தை மார்கழி, தை நடுகைவரை காப்பாற்ற வேண்டியிருக்கிறது. இடையிலே மாரி குறுக்கிடுகிறது. குடாநாட்டின் ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழிவரையுமே பெய்கிறது. இக்காலத்திற் கொட்டிலிலுள்ள விதையிற் பாதி அழுகிப்போனால், எல்லோரும் விதை தேடும் நாளிலே கேட்ட விலை கொடுத்து வாங்க நேரிடும். வாங்கிய விதை எந்த நோயைச் சுமந்து வருகிறதென்பதையும் கண்ணாற் பார்த்து அறிதல் அரிது.

கிண்டிய வெங்காயம் இறந்த பொருளன்று. அது மூச்சு விட்டுக்கொண்டே உறங்குகிறது. நன்கு முற்றிய குமிழ் ஏறக்குறைய இரண்டு மாதம் உறங்கும். அதன்பின் முளைப்பதா, மேலும் அடங்கியிருப்பதா என்பதைச் சுற்றியுள்ள வெப்பநிலையே பெரிதும் தீர்மானிக்கிறது. வெங்காயம் முளையாதிருக்கும் வெப்பநிலைகள் இரண்டு. ஒன்று 0 முதல் 5 பாகை செல்சியஸ் வரையுள்ள கடுங்குளிர். மற்றது 25 முதல் 30 பாகை வரையுள்ள வெப்பம். இவற்றுக்கு இடைப்பட்ட 10 முதல் 20 பாகை வரையான மிதமான குளிர்ச்சியிலேயே அது விரைவாக முளைவிடும். குளிர்ச்சியான இடமே வெங்காயத்துக்கு நல்லதென்று பலர் எண்ணுவதுண்டு. அவ்வெண்ணம் தவறானது. சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகையாகவுள்ள நுவரெலியாவில் விதை வெங்காயத்தைத் தூக்கி வைத்தால், அது யாழ்ப்பாணத்திலும் முந்தி முளைத்துவிடும். குளிர்நாட்டுப் பூந்தோட்டங்களில் வளரும் நார்சிசஸ் என்னுங் குமிழ்ச்செடி வெங்காயத்தின் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் இனங்களிற் பலவற்றுக்குப் பூப்பதன் பொருட்டுப் பல வாரக் குளிர் வேண்டும். உறவு ஒன்றாயினும் தேவை வேறு.

ஆகவே நமது நாட்டு வெப்பம் விதை வெங்காயத்துக்குப் பகையன்று. பகையாவது ஈரம். சாரீரப்பதன் நூற்றுக்கு 65 முதல் 70 வீதம் வரை இருப்பின் குமிழின் புறத்தோல் காய்ந்து காவலாக நிற்கும். அது 80 வீதத்தைத் தாண்டி நிலைக்குமாயின் அடியில் வேர் அரும்பும். வெப்பமும் உடனிருந்தாற் கறுப்புப் பூஞ்சணம் தோலின் கீழ்ப் படரும். காற்று மிக உலர்ந்து 30 பாகைக்கு மேற் சென்றால் நிறை குறையும். எனினும் நிறை குறைந்த விதை முளைக்கும், அழுகியது முளையாது.

சாரீரப்பதன் என்பது யாதெனின், ஒரு வெப்பநிலையிற் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு உண்மையில் அதிலுள்ளது என்பதாகும். 30 பாகையில் ஒரு கன மீற்றர்க் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 25 பாகையில் 23 கிராமையே தாங்கும். பகலில் 30 பாகையில் 75 வீத ஈரப்பதனோடு கொட்டிலுட் புகுந்த காற்று, கதவை அடைத்து வைத்தால், இரவில் 25 பாகைக்குக் குளிரும்போது நீர் துளிர்க்கும் நிலையை அடைந்துவிடுகிறது. மழை ஒரு துளியும் உட்புகாத கொட்டிலிலும் வெங்காயம் நனைவது இவ்வாறே. தகரக் கூரை இரவில் விரைவாகக் குளிர்வதால் அதன் அடியில் நீர் கோத்துச் சொட்டும். கிடுகு அல்லது பனையோலை வேய்ந்த கூரை இவ்வகையில் மேலானது. தகரமே உள்ளவர்கள் அதன் கீழே ஓலை பரப்புதல் வேண்டும்.

இதே கணக்கை மறுபுறமாகப் பார்த்தால் ஒரு பழைய வழக்கத்தின் காரணம் விளங்கும். 25 பாகையில் 90 வீத ஈரப்பதனுள்ள காற்றை 30 பாகைக்குச் சூடாக்கினால், நீராவி சிறிதும் குறையாதபோதும், ஈரப்பதன் 70 வீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். அடுப்புக்கு மேலே கட்டித் தூக்கிய விதை மாரியிலுங் கெடாமலிருப்பதற்கு, புகையிலும் பார்க்க இச்சிறு வெப்பமே காரணமெனலாம்.

கொட்டிலின் நீண்ட பக்கங்கள் காற்று வரும் திசையை நோக்கியிருத்தல் நன்று. சோளகம் வீசும் நாட்களில் இருபுறமுந் திறந்து விடுக. வாடையோடு மழை வரும்போது மழைப்பக்கத்தை மட்டும் படங்கினால் மறைத்து, மற்றைப் பக்கத்தைத் திறந்தே வைக்க வேண்டும். நாற்புறமும் பொலித்தீனால் மூடுதல் விதையை அவிப்பதற்கு ஒப்பாகும். பிடிகளைக் கூரையிலும் சுவரிலும் முட்டாமல், ஒன்றுக்கொன்று கை நுழையும் இடைவெளிவிட்டுத் தொங்கவிடுக. நிலத்திற் சாக்கோடு அடுக்கினால் நடுவிலுள்ளவை தமது மூச்சின் ஈரத்தாலேயே கெடும். ஈரமானி இல்லாதவர்கள் ஒரு தட்டிலே தூய தூளுப்பைப் பரப்பிக் கொட்டிலுள் வைக்கலாம். சாரீரப்பதன் ஏறக்குறைய 75 வீதத்தைத் தாண்டினால் உப்புக் கசியத் தொடங்கும். உப்புக் கசிந்த நாளில் வெளியே வெயில் எறித்தால், தாமதியாது திறந்து காற்றுப் பிடிக்க விடுக.

கழுத்து ஈரமாயுள்ள வெங்காயத்தை எக்கொட்டிலுங் காப்பாற்றாது. கிண்டுவதற்கு ஒரு வாரம் முன்னரே இறைப்பை நிறுத்துக. பயிர் முற்றும் தறுவாயில் யூரியா இடுதல் கழுத்தைத் தடிக்கச் செய்யும். அது காய்வதற்கு நாட்செல்லும். தாள் சாய்ந்தபின் கிண்டி, குமிழின்மேல் நேர் வெயில் படாதபடி ஒன்றின் தாளால் மற்றொன்றின் குமிழை மூடிப் பரப்பி, கழுத்து விரலுக்கிடையில் வழுக்காமற் சுருங்கும்வரை உலர்த்துக.

தோட்டத்து நோயும் இக்கணக்கினின்று விலகியதன்று. ஊதாப் புள்ளி நோய் 25 பாகையளவான வெப்பத்திலும், இலை இரவு முழுதும் நனைந்திருக்கும் நிலையிலுமே கடுமையாகப் பரவும். மார்கழிப் பயிர் அந்நோய்க்கு ஆளாவதும், கோடைப் பயிர் பனிப்பூச்சிக்கு ஆளாவதும் இதனாலேயே. நோய் கண்ட பாத்தியிலிருந்து விதைக்கு எடுத்து வைத்தலாகாது. மாரியில் வாரமொருமுறை பிடிகளைத் தடவிப் பார்த்து, மெத்தென்றிருக்குங் குமிழ்களை அகற்றி, கொட்டிலுக்கு வெளியே ஆழப் புதைக்க வேண்டும்.