எதிர் வீட்டு சாரின் கார்

எங்கள் எதிர் வீட்டு சாருக்கு 78 வயது. தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் கோயிலுக்கும் சாயங்காலம் காய்கறிக் கடைக்கும் தன் பழைய மாருதியைத் தானே ஓட்டிக்கொண்டு போவார். போன மாதம் ஒரு வியாழக்கிழமை, தெருமுனையில் அவர் திரும்பியபோது இடப்பக்கமாகச் சைக்கிளில் வந்த ஒரு பையன், பிரேக் பிடித்துச் சறுக்கி விழுந்தான். முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். சார் நிறுத்தவில்லை. நின்று பார்த்த எங்கள் எல்லோருக்கும் கோபம் வந்தது. ஆனால் ஒருவரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. பெரியவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது?

டீ எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லலாமா கூடாதா என்பதற்கு முன்னால், அவர் கண்ணுக்குள் என்ன நடந்திருக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

அடுக்களையிலிருந்து இரண்டு கொண்டைக்கடலை கொண்டுவாருங்கள். ஒரே நிறத் துணி விரித்த மேசையில், அரைச் சாண் இடைவெளியில் பக்கம் பக்கமாக வையுங்கள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் இடப்பக்கக் கடலையை மட்டும் பாருங்கள். பார்வையை அதிலிருந்து எடுக்காமல், முகத்தை மெதுவாக மேசைப் பக்கம் கொண்டுபோங்கள். ஓர் அடி உயரத்துக்குச் சற்று மேலே ஓரிடத்தில் வலப்பக்கக் கடலை காணாமல் போகும்.

கடலை மறைந்ததில் பெரிய ஆச்சரியம் இல்லை. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பு, விழித்திரையை விட்டுக் கிளம்பும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. அதனால் நம் எல்லோருக்குமே ஒவ்வொரு கண்ணிலும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. கடலை இருந்த இடத்தில் இப்போது என்ன தெரிகிறது என்பதைக் கவனியுங்கள். கறுப்பு ஓட்டையா தெரிகிறது? இல்லை, மேசைத்துணி தெரிகிறது. கிழிசலுக்கு அதே நிறத் துணியில் ஒட்டுப் போடும் தையற்காரர் மாதிரி, மூளை சுற்றிலும் இருப்பதை வைத்து அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. ஒட்டுப் போட்டது நமக்கே தெரிவதில்லை.

நாம் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். பார்வை குறைந்தால் அவருக்கே தெரியாதா, தெரிந்தும் பிடிவாதமாக ஓட்டுகிறாரே என்று நினைக்கிறோம். அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோயில் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக நலிகிறது. பெரும்பாலும் முதலில் போவது பக்கவாட்டுப் பார்வை. பெரும்பாலும் வலியும் இருக்காது. நேரே பார்ப்பது தெளிவாகவே இருக்கும், பேப்பர் படிக்கலாம், கண் மருத்துவமனைப் பலகையில் கடைசி வரிவரை வாசிக்கலாம். போன இடத்தையெல்லாம் மூளை ஒட்டுப் போட்டு மூடிவிடும். அப்படிப்பட்ட கண்ணுக்கு இடப்பக்கமாக வரும் சைக்கிள் மங்கலாகவாவது தெரியும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கே வெறும் சாலை மட்டுமே தெரியலாம்.

சாருக்கு இந்த நோய்தான் என்று சொல்ல நான் மருத்துவர் இல்லை. கண்புரையாக இருக்கலாம், எதிரே வரும் வண்டியின் விளக்கு அதில் பட்டால் அழுக்குக் கண்ணாடியில் வெயில் பட்டது போலக் கூசும். கழுத்து எலும்பு தேய்ந்து தலை திரும்பாமல் இருக்கலாம். நெடுநாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போயிருந்தால், பெடலை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது காலுக்கே தெரியாது. ராத்திரி போட்ட தூக்க மாத்திரையின் மந்தம் காலையிலும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் உண்டு. புரையை அறுவை செய்து எடுத்துவிடலாம், மாத்திரையை மருத்துவர் மாற்றித் தருவார். கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது. மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்ற முடியும், சீக்கிரம் கண்டுபிடித்தால். நாம் வாய் திறந்தாலே அவர் கார் சாவியைப் பறிப்பதாகிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை.

‘மெதுவாகத்தானே ஓட்டுகிறார்’ என்றும் சொல்வார்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 8 மீட்டருக்கு மேல் வண்டி போய்விடும். அதாவது, இரண்டு மாருதி நீளத்துக்கும் அதிகம்.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா? நம் நாட்டில் சொந்த வண்டி ஓட்ட உச்ச வயது என்று ஒன்று கிடையாது. 55 வயதைத் தாண்டியவர்கள் 5 ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவச் சான்றிதழோடு உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஆனால் 78 வயதுக் கண்ணுக்கு 5 ஆண்டு மிக நீளம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, நோயால் ஒருவர் ஓட்டத் தகுதியற்றவர் என்று நம்பக் காரணம் இருந்தால், உரிமம் தரும் அதிகாரி இடையிலேயே சான்றிதழ் கேட்கலாம், உரிமத்தை ரத்தும் செய்யலாம். அதற்கும் யாராவது போய்ச் சொல்ல வேண்டும். அவரும் கேட்கவில்லை, குடும்பமும் கேட்கவில்லை என்றால் அந்தப் படியையும் ஏறத்தான் வேண்டும். அடுத்த முறை அந்தப் பையன் சிராய்ப்போடு தப்புவான் என்று யார் உறுதி தருவது?

ஆனால் அதை முதல் படியாக வைக்கக் கூடாது. தெரு வாட்ஸ்அப் குழுவில் வீடியோ போடுவது எந்தப் படியிலும் சேராது. தனியாகப் போக வேண்டும். ‘வயசாயிடுச்சு சார்’ என்று தொடங்கக் கூடாது. வயதுக்கு அவர் என்ன செய்வார்? கண்ணால் கண்டதை, கிழமையோடும் இடத்தோடும் சொல்ல வேண்டும். அவர் கண்ணுக்கு எட்டாதது நம் கண்ணுக்கு எட்டியிருக்கிறது, அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். கூடவே கேட்கக்கூடிய ஒரு சின்ன விஷயமும் உண்டு, பார்வைப் புலப் பரிசோதனை. பெரிய வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து நடுவிலேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கங்கே மின்மினி மாதிரி ஒளி தோன்றும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். எந்தப் பக்கத்து ஒளிக்கு அழுத்தவில்லையோ அந்தப் பக்கம் பார்வை குறைந்திருக்கலாம்.

நான் ஒரு ஞாயிறு சாயங்காலம் சட்டைப் பையில் இரண்டு கொண்டைக்கடலையோடு போனேன். சைக்கிள் பையனைப் பற்றிச் சொன்னதும் சாரின் முகம் இறுகியது. “அப்படி யாரும் வரலையே தம்பி” என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்தது. ஊஞ்சல் பலகையில் கடலையை வைத்து, நாம் இப்போது செய்ததையே செய்யச் சொன்னேன். ஆசிரியர் அல்லவா, ஒரு தடவையோடு விடவில்லை. குனிந்தார், நிமிர்ந்தார், கண்ணை மாற்றிப் பொத்திப் பார்த்தார். பிறகு கடலையைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“அந்தப் பையன் எந்தப் பக்கத்துலேருந்து வந்தான்னு சொன்னே?” என்று கேட்டார்.