நல்ல தண்ணீர் என்று நாக்கு சொன்னால் போதுமா?



சென்ற மழைக்காலத்தில் மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வந்த மனுக்களில் நான்கு ஒரே தெருவிலிருந்து வந்தவை. நான்கும் மஞ்சள் காமாலை. ஒருவர் ஏழு மாதக் கர்ப்பிணி. விசாரிக்கப் போன நம் சகோதரர்களுக்கு முதலில் காரணம் பிடிபடவில்லை. அந்தத் தெருவின் உறைக்கிணறு ஊரிலேயே பெயர் பெற்றது. தண்ணீர் கரிக்காது, தேயிலை கறுக்காது. பக்கத்துத் தெருக்காரர்களும் குடத்தோடு வந்து எடுத்துப் போவார்கள். கிணற்றுக்குப் பதினைந்து அடி தள்ளிப் புதிதாகக் கழிவறைக் குழி தோண்டியிருந்ததை அங்கிருந்த ஒரு பெரியம்மாதான் காட்டினார். அல்ஹம்துலில்லாஹ், நால்வரும் குணமடைந்தார்கள். ஆனால் அந்தக் கர்ப்பிணிச் சகோதரிக்காக அவர் வீட்டார் பட்ட பாடு சொல்லி மாளாது.

அதே மாதம் இன்னொரு மனு வந்தது. தவணைக் கடனை அடைக்க உதவி கேட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்த விற்பனையாளர் பேனா போன்ற ஒரு மீட்டரைத் தண்ணீரில் வைத்து எண்ணைக் காட்டியிருக்கிறார். பிறகு இரண்டு கம்பிகளை டம்ளரில் விட்டுக் கரண்ட் கொடுத்ததும் தண்ணீர் செம்மண் குழம்பாகிவிட்டதாம். பிள்ளைகள் இதையா குடிக்கிறார்கள் என்று பயந்து, அன்றைக்கே ஆர்.ஓ. இயந்திரம் வாங்கிவிட்டார்கள். பின்னர் நாங்கள் அந்த வீட்டுத் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தோம். கொஞ்சம் கடினத் தண்ணீர், அவ்வளவுதான்.

அந்தக் கம்பி வித்தையை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. அந்தச் சிவப்பு, இரும்புக் கம்பி மின்சாரத்தில் கரைந்து வரும் துரு. உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் ஓடாது, அதனால் அவர் கொண்டுவந்த தண்ணீர் தெளிவாக இருக்கிறது. மீட்டரும் அப்படித்தான். தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைத்தான் அது மதிப்பிடும். கிருமியை அது காணாது. காமாலை வந்த கிணற்றில் அதை வைத்திருந்தால் 'முதல் தரம்' என்றே காட்டியிருக்கும்.

நிறம், சுவை, மணம் மாறாத தண்ணீரை நாம் ஒளுவுக்குத் தூய்மையானதாகக் கொள்கிறோம். அது மார்க்கச் சட்டம், அதில் பேச்சில்லை. ஆனால் குடித்தால் நோய் வருமா என்பது வேறு கேள்வி. அதற்கு இந்த மூன்றை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது.

கண்ணுக்குத் தெரியும் குறைகளில் பல அவ்வளவு ஆபத்தில்லாதவை. கெட்டிலில் வெள்ளைப் படிவு, சோப்பு நுரைக்காமை, குழாய் அடைப்பு எல்லாம் கால்சியம், மக்னீசியத்தால் வருபவை. இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது. கொதிக்க வைத்தால் ஒரு பகுதி படிந்துவிடும், மேலாக வடித்துக்கொள்ளலாம். சிறுநீரகக் கல்லுக்குக் கடினத் தண்ணீர்தான் காரணம் என்று நம்மூரில் உறுதியாகச் சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய காரணம் வெயில் காலத்தில் தண்ணீர் குறைவாகக் குடிப்பது.

பிடிக்கும்போது தெளிவாக இருந்து, சற்று நேரத்தில் மஞ்சளாகிக் கீழே படிந்தால் அது இரும்பு. வாளியிலிருந்து வாளிக்கு உயரத்திலிருந்து ஊற்றிக் காற்றுப் படவைத்து, ஓர் இரவு விட்டு, மேல் தண்ணீரை வெள்ளைத் துணியிலோ மணல் வடிகட்டியிலோ வடித்தால் பெரும்பாலும் சரியாகும். அழுகிய முட்டை நாற்றத்துக்கும் முதல் வைத்தியம் காற்றுப் படவைப்பதே.

உப்புக் கரிப்புக்கு இந்த வைத்தியமெல்லாம் செல்லாது. கடலோரத்தில் ஆழமாக போர் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் கடல் நீர் உள்ளே வரும். கரைந்த உப்பை எடுக்க வீட்டில் ஆர்.ஓ. தான் வழி, அங்கே அந்தச் செலவு நியாயமே. ஆனால் அது வெளியே தள்ளும் தண்ணீர், நமக்குத் தருவதைவிடப் பெரும்பாலும் அதிகம். ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் விரயம் கூடாது என்று கற்ற நாம் அதைச் சாக்கடையில் விடலாமா? தரை கழுவவும் கழிவறைக்கும் பிடித்து வையுங்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயமான மழைநீர்த் தொட்டி பல வீடுகளில் மண்மூடிக் கிடக்கிறது. அதைத் தூர் வாரினால் கிணற்றின் கரிப்பும் மெல்லக் குறையும்.

பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கு. காமாலைக் கிருமி உடலில் புகுந்து நோயாக வெளிவரச் சில வாரங்கள் ஆகும். அதனால்தான் தண்ணீர் மீது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. 'ஈ' வகைக் காமாலை கர்ப்பிணிகளுக்கு, அதிலும் கடைசி மாதங்களில், உயிருக்கே ஆபத்து. கழிவறைக் குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும். உங்கள் குழியும் பக்கத்து வீட்டாரின் கிணறும் என்றாலும் இதே கணக்குத்தான்.

கிருமிக்கு மருந்து எளியது. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் போதும். ஆறியதும் மூடி வையுங்கள். கையை விட்டு மொள்ளாமல், பிடி வைத்த அகப்பையிலோ குழாய் வைத்த பானையிலோ எடுங்கள். கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர், 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம். ஐந்தடி அகல உறைக்கிணற்றில் பத்தடித் தண்ணீர் இருந்தால் சுமார் 5,500 லிட்டர், அதற்கு 14 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் தெளிவை மட்டும் ஊற்றி, வாளியால் கலக்கிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். இலேசான குளோரின் வாடை வராவிட்டால் இன்னும் கொஞ்சம் தேவை. திறந்து கிடந்த பழைய பவுடருக்கு வேகம் இருக்காது.

கொதிக்க வைத்தாலும் போகாத ஒன்று உண்டு: நைட்ரேட். இதுவும் கழிவுக் குழியிலிருந்து வரக்கூடியதுதான். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வற்றி, நைட்ரேட்டின் அடர்த்தி கூடவே செய்யும். லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரில் பால் பவுடர் கலந்து ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுத்தால், இரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கலாம். புட்டிப்பால் கொடுக்கும் வீடுகள் நைட்ரேட்டை அவசியம் சோதிக்க வேண்டும்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். கட்டணம் கட்ட இயலாதவர்களுக்கு அறக்கட்டளை கட்டும். இரண்டு லிட்டர் கேனை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி நிரப்பி, தெருப்பெயரும் கிணறா போரா என்பதும் எழுதி ஒட்டிக் கொண்டு வாருங்கள். கிருமிச் சோதனைக்கான புட்டி வேறு. அதை அலசவோ உள்ளே கை வைக்கவோ கூடாது. அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு, காலையில் பிடித்த ஒரு மணி நேரத்துக்குள் தந்துவிட்டால், ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே அனுப்பிவிடுவோம். இன்ஷா அல்லாஹ், கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகளின் புட்டிகளை முதலில் எடுத்துக்கொள்வோம்.