தெவிட்டும் உட்கவர்பொருள்

தெவிட்டும் உட்கவர்பொருள் என்பது, தன்மீது விழும் ஒளியின் செறிவு கூடக்கூட, அவ்வொளியை உட்கவரும் திறன் குறைந்துகொண்டே வரும் பொருளாகும். மங்கலான ஒளியைத் தடுக்கும் இப்பொருள் செறிவான ஒளியைப் பெரும்பாலும் கடந்துசெல்ல விடுகிறது. லேசரின் ஒத்ததிர்விக்குள் இதனை வைத்தால், தொடர்ச்சியாக வெளிவரும் ஒளியைப் பிக்கோநொடி அல்லது பெம்டோநொடி நீளமுள்ள துடிப்புகளாக மாற்றலாம். ஒரு பெம்டோநொடி என்பது 10⁻¹⁵ நொடி. அந்நேரத்தில் ஒளி 0.3 மைக்ரோமீட்டர் தொலைவையே கடக்கும். எந்த மின்னணுச் சுற்றாலும் இத்தனை விரைவாக ஒளியைத் திறந்து மூட இயலாது. இங்கு ஒளியே தனக்கான கதவைத் திறந்துகொள்கிறது.

செயல்படும் முறை

பொருளிலுள்ள எலக்ட்ரான்கள் ஒளியை உட்கவர்ந்து உயர் ஆற்றல் நிலைக்குச் செல்கின்றன. ஒளி மிகச் செறிவாக இருந்தால், கீழ்நிலையில் உட்கவர்வதற்கான எலக்ட்ரான்கள் குறைந்து, மேல்நிலையின் இடங்கள் நிரம்பிவிடுகின்றன. அதன்பின் வரும் ஒளி தடையின்றிக் கடக்கிறது. உட்கவர்தல் தொடக்க மதிப்பில் பாதியாகக் குறையும் செறிவு, தெவிட்டுச் செறிவு எனப்படும்.

லேசர் இயங்கத் தொடங்கும்போது ஒத்ததிர்விக்குள் ஒளியின் செறிவு ஒழுங்கின்றி ஏறி இறங்கும். அவற்றுள் உயரமான முகடு குறைந்த இழப்புடன் கடக்கிறது. மற்றவை கூடுதலாக இழக்கின்றன. பல சுற்றுகளுக்குப்பின் அந்த முகடு மட்டுமே எஞ்சி, ஒரே துடிப்பாக ஆடிகளுக்கிடையே ஓடுகிறது. இது முனைப்பற்ற பாங்குப் பூட்டல் எனப்படும். ஆடிகளின் இடைவெளி 1.5 மீட்டர் எனில், ஒரு சுற்றுக்கு 10 நானோநொடி ஆகும். எனவே நொடிக்கு 10 கோடி துடிப்புகள் வெளிவரும்.

முதன்மைப் பண்புகள்

பண்பேற்ற ஆழம்: தெவிட்டுவதால் குறையக்கூடிய உட்கவர்தலின் அளவு.

தெவிட்டாத இழப்பு: செறிவு எவ்வளவு கூடினாலும் குறையாத இழப்பு. இது சிறிதாக இருப்பதே நல்லது; இவ்வாறு இழக்கும் ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாகிறது.

மீள்நேரம்: தெவிட்டிய பொருள் மீண்டும் உட்கவரும் நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம். துடிப்பின் நீளம் மீள்நேரத்தைவிடக் குறைவாகவும் இருக்கலாம். துடிப்பின் முன்பகுதியை உட்கவர்பொருள் செதுக்க, பெருக்க ஊடகத்தின் தெவிட்டலோ சொலிட்டான் விளைவோ பின்பகுதியைக் கட்டுப்படுத்துகிறது.

சேத வரம்பு: பொருள் பழுதடையாமல் தாங்கக்கூடிய ஒளியின் அளவு.

பொருள்களும் வரலாறும்

1960-இல் தியோடர் மைமன் முதல் ரூபி லேசரை இயக்கினார். 1960-களின் நடுப்பகுதியிலேயே கரிமச் சாயக் கரைசல்கள் உட்கவர்பொருள்களாகப் பயன்பட்டு, பிக்கோநொடித் துடிப்புகள் கிடைத்தன. 1981-இல் பெல் ஆய்வகத்தின் ஃபோர்க், கிரீன், ஷாங்க் ஆகியோர், எதிரெதிர்த் திசைகளில் ஓடும் இரு துடிப்புகள் சாயத்துக்குள் மோதும்படி அமைத்து, 0.1 பிக்கோநொடிக்கும் குறைந்த துடிப்புகளைப் பெற்றனர். எனினும் சாயங்கள் ஒளிபட்டுச் சிதைபவை. கரைசலை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது.

1992-இல் உர்சுலா கெல்லரும் உடன் பணியாற்றியோரும் குறைக்கடத்தி உட்கவர் ஆடியைப் பயன்படுத்தி, இக்குறையைப் போக்கினர். இதில் பிராக் ஆடி ஒன்றின்மேல் மெல்லிய குவாண்டம் கிணற்று அடுக்கு அமைந்திருக்கும். அடுக்கைக் குறைந்த வெப்பநிலையில் வளர்த்தால் அதில் குறைபாடுகள் உண்டாகி மீள்நேரம் குறையும். ஆகவே பண்புகளைத் தேவைக்கேற்ப வடிவமைக்கலாம். ஆனால் ஒவ்வோர் ஆடியும் குறிப்பிட்ட அலைநீளப் பட்டைக்குள் மட்டுமே செயல்படும். உற்பத்திச் செலவும் அதிகம்.

2000-களில் கார்பன் நானோகுழாய்கள் அறிமுகமாயின. இவை உட்கவரும் அலைநீளம் குழாயின் விட்டத்தைப் பொறுத்தது. 2009-இல் கிராஃபீன் இப்பணிக்கு வந்தது. ஓர் அணுத் தடிமனுள்ள கிராஃபீன் அடுக்கு, கட்புலனாகும் ஒளியிலிருந்து அகச்சிவப்பு வரை ஏறத்தாழ 2.3 விழுக்காட்டை உட்கவரும். எனவே ஒரே பொருளைப் பல அலைநீளங்களில் பயன்படுத்தலாம். மாலிப்டினம் டைசல்ஃபைடு, பிஸ்மத் டெல்லூரைடு, கரும்பாசுபரசு ஆகியவையும் ஆராயப்படுகின்றன. இவற்றுள் கரும்பாசுபரசு காற்றிலும் ஈரத்திலும் சிதைவதால் பாதுகாப்புப் பூச்சு தேவைப்படுகிறது.

நானோநொடித் துடிப்புகளுக்குக் குரோமியம் கலந்த யாக் படிகம் பயன்படுகிறது. அதன் மீள்நேரம் மைக்ரோநொடி அளவில் உள்ளதால் பெம்டோநொடிப் பணிக்கு அது பொருந்தாது.

வரம்புகள்

பண்பேற்ற ஆழம் கூடினால் துடிப்பு எளிதில் உருவாகும். ஆனால் அளவுக்கு மீறினால், துடிப்புகளின் ஆற்றல் சீராக இராமல் பெரும் அலைகளாக ஏறி இறங்கும். அவ்வேளையில் எழும் உயர்ந்த முகடுகள் உட்கவர்பொருளையே எரித்துவிடக்கூடும். மறுபுறம், ஆழம் மிகக் குறைந்தால் துடிப்பு தானாகத் தொடங்காது. ஆகவே எந்தப் பொருள் சிறந்தது என்பதை, அது அமையும் லேசரின் பெருக்கம், அலைநீளம், திறன் ஆகியவற்றைக் கொண்டே முடிவுசெய்ய இயலும்.

பயன்பாடுகள்

பெம்டோநொடித் துடிப்பு, வெப்பம் பரவுவதற்கு முன்பே பொருளை அகற்றிவிடுகிறது. இதனால் கண் அறுவையில் கார்னியாவை நுட்பமாக வெட்டவும், கண்ணாடி, உலோகம் ஆகியவற்றில் நுண்துளையிடவும் இத்துடிப்புகள் பயன்படுகின்றன. வேதிவினையில் பிணைப்புகள் முறிவதை நேரடியாகக் கண்டறிந்தமைக்காக அகமது சுவைல் 1999-இல் நோபல் பரிசு பெற்றார். அவரது தொடக்ககால ஆய்வுகள், மேலே குறிப்பிட்ட மோதும் துடிப்புச் சாய லேசரைக் கொண்டே நிகழ்ந்தன.